அடுத்த சுற்றுக்கு விட்ட எழுத்துகள்

பள்ளிக்கூடம் திறந்த வாரமே நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரை வரச்சொல்லியிருந்தார் ஆஷ்லின் டீச்சர். ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்கு மேலே, காபிச் செடிகளுக்கு நடுவில் இருந்த சின்னப் பள்ளிக்கூடம் அது. வந்தவர்கள் எல்லாரும் தாய்மார்கள்; எஸ்டேட்டில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள். குப்பாயி கடைசி பெஞ்சின் ஓரத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

டீச்சர் நிதானமாகச் சொன்னார். மூணாவது வரை படமும் பாட்டுமாக ஓடிவிட்டது. இனிமேல் பாடம் நீளமாக இருக்கும். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் பிள்ளைகளே வாசித்துப் பதில் எழுத வேண்டும். கணக்குகூட வாக்கியமாகத்தான் வரும். வாசிக்க வராத பிள்ளைக்குக் கூட்டல் தெரிந்தும் பிரயோசனமில்லை. அதனால் சாயங்காலம் வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை வாய்விட்டு வாசிப்பதைக் கேட்க வேண்டும். உங்களுக்குப் படிப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டால் போதும் என்றார்.

"கேக்கறேனுங்க டீச்சர். ரெண்டு வரிக்குள்ள நான் தூங்கிப்போட்டா என்னையப் பெஞ்சு மேல ஏத்தப்படாது," என்றாள் முன் பெஞ்சிலிருந்த கனகா. எல்லாரும் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் டீச்சர் குப்பாயியை மட்டும் நிறுத்தினார். அவள் மகள் சிவரஞ்சனி வாசிப்பில் ரொம்பவே பின்தங்கியிருந்தாள். அரையாண்டுத் தேர்வுக்குள் தானாக வாசிக்கவில்லை என்றால், சேலம் பக்கம் இருக்கும் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்ப்பதுதான் நல்லது, அங்கே சாயங்காலமும் சொல்லித்தர ஆள் உண்டு என்றார்.

மூத்தவள் ராணியைக் குப்பாயி ஆறாவதில் அப்படித்தான் ஆஸ்டலில் விட்டாள். முதல் லீவுக்கு வந்தவள், யாரோ ஊட்டுப் பிள்ளை மாதிரி வாசலில் நின்று, உள்ளே வரட்டுமா என்று கேட்டாள். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி. பொங்கலுக்கு வருவாள், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவாள். சின்னவளையும் அப்படி இழக்கக் குப்பாயி தயாராக இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து மகளை உட்கார வைத்தாள். இரண்டு வார்த்தை போனது. மூன்றாவதில் நின்றது. சிவரஞ்சனி அந்த இடத்தையே விரலால் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் அழுதுவிட்டாள்.

குப்பாயிக்குத் தெரிந்ததெல்லாம் பழம் எடுக்கிற வேலை. ஒரு காபிச் செடியில் எல்லாப் பழமும் ஒரே நாளில் சிவக்காது. சிவந்ததை எடுத்துக்கொண்டு பச்சையைச் செடியிலேயே விட்டுவிட வேண்டும். அடுத்த சுற்று வரும்போது அது பழுத்திருக்கும். அவசரப்பட்டு உருவினால் கொத்தே கெட்டுப்போகும், கணக்கெழுதும் ரைட்டரிடம் திட்டும் விழும்.

"அழுவாத கண்ணு," என்றாள். "தெரிஞ்சத எடு. தெரியாததெல்லாம் பச்சை. அத உட்டுட்டுப் போ, அடுத்த சுத்துல பழுத்துக்கும்."

சிவரஞ்சனிக்கு அது உடனே புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன்பிறகு அந்த வீட்டில் படிப்புக்காக அழுகை இல்லை. பெண் கடகடவென்று வாசித்தாள், பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு வாக்கியம் அடுத்ததோடு ஒட்டவில்லை என்பதைக் குப்பாயி கவனித்தாள்தான். புத்தகத்துப் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மகளின் தோள் தன் விலாவில் சாய்ந்திருக்கும் அந்த நேரத்துக்காகவே வேலைக்காட்டிலிருந்து வேகமாக நடந்து வந்தாள்.

"ஏன்டி, நீயும் நாலாவதுல சேந்துட்டயா?" என்று கேலி செய்தான் புருஷன் ஐயாக்கண்ணு.

"நீங்க மூணாவதுல நின்னுபோட்டீங்க. நான் தாண்டிட்டேன்," என்றாள் அவள்.

பழம் சிவந்து எஸ்டேட்டில் வேலை மும்முரமாக இருந்தபோது அரையாண்டுத் தேர்வு முடிந்தது. டீச்சர் கூப்பிட்டனுப்பினார். குப்பாயி கூடையை மேஸ்திரியிடம் விட்டுவிட்டு, கைப் பிசினைக்கூடக் கழுவாமல் ஓடினாள். டீச்சர் புத்தகத்தை விரித்து மகளிடம் கொடுத்தார். சிவரஞ்சனி எழுந்து நின்று, அம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு, பயமில்லாமல் வாசித்தாள்.

"மழை... மலை... ஓடி... வந்தது... மரம்."

"நடுவில இருக்கறத ஏன் விட்டே?" என்றார் டீச்சர்.

"அதெல்லாம் இன்னும் பழுக்கலீங்க டீச்சர்."

வகுப்பில் இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. குப்பாயியைத்தான் பார்த்தார். குப்பாயி தலையைக் குனிந்தபடி, தான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்றாள். டீச்சர் அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் வந்து, மெதுவாக, எழுத்து செடியில் இருப்பதுபோல இல்லை, யாராவது கூட இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தால்தான் வரும் என்றார். ஆஸ்டலைப் பற்றி அவர் பேச வேண்டியிருக்கவில்லை. குப்பாயியே கேட்டாள்.

"எப்பக் கூட்டிட்டுப் போவோணுமுங்க?"

பொங்கல் லீவு முடிந்து ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ்ஸுக்காக நின்றார்கள். குளிருக்குச் சிவரஞ்சனி மப்ளரைத் தலையில் சுற்றியிருந்தாள். புது பக்கெட்டும் தட்டும் குப்பாயியின் காலடியில் இருந்தன. பெண் திடீரென்று எதிர்க் கடையின் போர்டைக் காட்டி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டத் தொடங்கினாள். ஒன்றையும் தாண்டவில்லை. மூச்சு வாங்க, நெற்றி சுருங்க, திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள்.

"சுத்த... மான... மலைத்... தேன்... இங்கு... கிடைக்... கும்."

பிறகு அம்மாவின் கையைப் பிடித்தாள். "பூராவும் படிச்சுட்டேன்மா. ஊட்டுக்குப் போலாமா?"

குப்பாயி அந்தப் போர்டைப் பார்த்தாள். மஞ்சளில் சிவப்பாக ஏதேதோ வளைந்து நெளிந்து கிடந்தன. மகள் சொன்னது சரியா தப்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. கண்டக்டர் சேலம், சேலம் என்று கூப்பிட்டார்.

"சரியாத்தான் படிச்சே சாமி," என்றாள்.

பக்கெட்டை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையால் மகளைப் படியில் ஏற்றினாள்.