சொந்தக் கட்டிலில்

பன்றிக்கறி வைத்த பன்னைக் கடித்து வாயிலேயே அதக்கி வைத்திருந்தார் டெல்மர். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மனைவி ஆர்டிஸைப் புதைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பாதி ஊர் அவரிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டது.

"சொந்தக் கட்டில்ல, தூக்கத்துலயே போயிட்டா. எல்லாருக்குமா அப்படி வாய்க்குது?"

கடைசியாக வந்து சொன்னவள் வெர்னா, பெண்கள் சங்கத் தலைவி. அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் இந்தக் கோடியில் யார் போனாலும் அடக்கத்துக்குப் பின் சாப்பாடு அவள் பொறுப்பு. சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு எத்தனை தட்டு வந்து சேர்கிறது என்பதை வைத்து, போனவரின் மதிப்பை முடிவு செய்துவிடுவாள். ஆர்டிஸுக்கு ஒன்பது தட்டு. போன மாதம் வங்கி மேலாளருக்கு ஆறுதான்.

"வீட்டுக்குப் போகணும்னு அவளே கேட்டாளாமே?"

"ஆமா," என்றார் டெல்மர், வாயில் பன்னோடு.

அந்த ஆமா பொய். அவருக்கு மட்டும் தெரியும்.

தானியக் கிடங்குக்கு எதிரே ஒரு காபிக் கடை. தினமும் காலை ஆறு மணிக்கு ஆறு கிழவர்கள் அங்கே கூடி நாட்டைத் திருத்துவார்கள். ஆறு பேருக்கும் இடுப்பிலோ முழங்காலிலோ மெடிகேர் போட்டுக் கொடுத்த இரும்பு உண்டு. முதியோருக்கான அந்த அரசாங்கக் காப்பீட்டில் செலவு மிதமிஞ்சிப் போய்விட்டது, குறைத்தே ஆகவேண்டும் என்பதிலும் ஆறு பேருக்கும் ஒரே கருத்து. மற்றவர்களுக்கு ஆகும் செலவை. டெல்மர் குரல்தான் எல்லாவற்றிலும் ஓங்கி ஒலிக்கும்.

"தும்மினவனையெல்லாம் பராமரிப்பு இல்லத்துல படுக்க வெச்சா கஜானா என்னத்துக்கு ஆகும்? கடைசியில பேரப் பசங்க தலையிலதான் விடியும்!"

ஆர்டிஸ் சமையலறையில் வழுக்கி விழுந்தபோது ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி அங்கி, மணிக்கட்டில் பட்டை, கையில் ஊசி எல்லாம் இருந்தது. ஆனால் காகிதத்தில் அவள் சேர்க்கப்பட்ட நோயாளி இல்லை. சும்மா கவனிப்பில் இருப்பவள். கவனிப்பில் இருந்தவர்கள் அடுத்துப் பராமரிப்பு இல்லத்துக்குப் போனால் மெடிகேர் பணம் கட்டாது. நர்ஸ் இதை இரண்டு முறை சொல்லி, தாளை நீட்டினாள்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன். சில சமயம் மாத்தி எழுதுவாங்க."

"வேண்டாம்மா. கவர்மெண்ட்டுக்கு மிச்சமாகட்டும்," என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சிரித்தார். காபிக் கடையில் சொல்லியிருந்தால் மேசை அதிர்ந்திருக்கும். நர்ஸ் சிரிக்கவில்லை.

"டெல்மர்," என்றாள் ஆர்டிஸ் படுக்கையிலிருந்து. "நம்ம காசைப் போட்டாவது ஒரு ரெண்டு வாரம் அங்க இருந்துட்டு வரேனே. நடக்கப் பழக்கி விடுவாங்க."

"ஏன், நான் பழக்க மாட்டேனா?"

அவள் மறுபடி கேட்கவில்லை. ஐம்பத்தாறு வருடத்தில் எதையும் இரண்டாம் முறை கேட்டவள் இல்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்து நாலு நாள் பழக்கினார். ஐந்தாம் நாள் காலை, அவள் தூங்குகிறாளே என்று காபி குடிக்கப் போனார். ஏழரைக்குத் திரும்பியபோது குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே கம்பளத்தில் கிடந்தாள். கை கட்டிலின் பக்கம் நீண்டிருந்தது. எண்பத்து மூன்று வயதில் எப்படித் தூக்கினார் என்று அவருக்கே தெரியாது. கிடத்தி, தலை வாரி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மகளுக்கு போன் செய்தார்.

இப்போது கீழ்த்தளத்தில், காபிக் கடை ஆறு பேரில் ஒருவனான ஹார்லன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"டெல்மர், இப்பச் சொல்லக்கூடாதுதான்..."

"அப்பச் சொல்லாதீங்க அங்கிள்," என்றாள் மகள் ஜோலீன், காபியை அப்பாவின் முன்னால் வைத்தபடி.

"இல்லம்மா, நல்ல விஷயம். வியாழக்கிழமை நம்ம எம்.பி. ஸ்கூலுக்கு வர்றாரு, மெடிகேர் செலவைப் பத்திப் பேச. டவுன்லேர்ந்து நாலு பேரு அட்டையைத் தூக்கிட்டு வந்து ஒப்பாரி வைப்பானுங்க. நீ எந்திரிச்சு ரெண்டு நிமிஷம் ஆர்டிஸைப் பத்திச் சொல்லுப்பா. இல்லம் வேணும், அது வேணும், இது வேணும்னு கேக்காம, வீட்டுல, புருஷன் பக்கத்துல இருக்க, கட்டில்ல போனா. இதைவிட உதாரணம் எங்க கிடைக்கும்?"

ஆர்டிஸ் போன அன்று காலை, கடையில் டெல்மருக்கு இரண்டாவது கோப்பை ஊற்றிக் கொடுத்ததே ஹார்லன்தான். இப்போது அவன் பார்வை ஊறுகாய்க் கிண்ணத்தில் இருந்தது.

ஜோலீன் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்பா, அம்மா போறப்ப நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

பன் ஒருவழியாகத் தொண்டையில் இறங்கியது. டெல்மர் மகளைப் பார்த்தார். ஆர்டிஸின் அதே புருவம்.

"இருந்தேன்," என்றார்.

"ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல. ஒண்ணும் கேக்கல."

ஜோலீன் குனிந்து அவர் தலையில் முத்தமிட்டு, பூக்களைக் காரில் ஏற்றப் போனாள்.

"முன் வரிசையில இடம் பிடிச்சு வைக்கிறேன்," என்று சொல்லிவிட்டு ஹார்லனும் எழுந்தான். "ஏழு மணிக்கு."

டெல்மர் தலையாட்டினார்.

கூட்டம் கலைந்தது. பெண்கள் நாற்காலிகளை மடித்துச் சுவரில் சாய்த்தார்கள். அவர் நாற்காலியை மட்டும் விட்டுவிட்டார்கள். வெர்னா ஈரத்துணியோடு மேசையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவரிடம் வந்ததும் அவர் இரண்டு முழங்கைகளையும் தூக்கிக் கொடுத்தார். அவள் துடைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள்.

ஈரம் காயட்டும் என்று அவர் கைகளை இறக்காமலே உட்கார்ந்திருந்தார்.