உங்கா போட்ட குலவை

இருந்தவர்கள்: தினேஸ்வரி, காட்டுச் சத்தங்களை ஆராயும் நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. துளசியக்கா, காளியம்மன் கோயில் சமையல். ரோய்ஸ்டன், தினேஸ்வரியின் மேலாளர், இன்னும் வந்துசேரவில்லை. உங்கா குரங்கு, இல்லை.

1

மலேசியாவின் கோப்பெங்கில் நான் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தபோது பக்கத்து மேசைப் பெண் போனில் கத்தினாள்: "அது கொரங்கு இல்லக்கா, நீங்கதான்!" என்னிடம் இருந்த கதை அவ்வளவுதான். மீதியை நானே செய்தேன்.

2

முதல் தொடக்கம்: பனி மூடிய ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு

வேண்டாம். அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய் ரொம்ப காலமாகிறது. இப்போது புதரும் கோயிலும்தான்.

மரத்தில் கட்டிய பெட்டி சத்தங்களைப் பிடித்து அனுப்பும். எது பறவை, எது விலங்கு என்று செயற்கை நுண்ணறிவு பிரித்துச் சொல்லும். சிக்னல் கிடைத்த ஒரே மரம் கோயிலுக்குப் பின்னால் இருந்ததால் தினேஸ்வரி பெட்டியை அங்கேயே கட்டினாள். வெள்ளிக்கிழமை அது சொன்னது: உங்கா. அதுவும் பெண் உங்கா.

[உங்கா: வாலில்லாத, நீண்ட கைக் குரங்கு. பெண்ணுக்குத் தொண்டை அதிகம்.]

அந்தப் பக்கத்தில் பல வருடங்களாகக் காணாமல் போயிருந்த குரங்கு திரும்பிவிட்டதாக அவள் அறிக்கை அனுப்பினாள். ஒப்பந்தத்தை நீட்டிக்கிறேன், அதன் குரலை நேரில் கேட்க வருகிறேன் என்றார் ரோய்ஸ்டன். அதன்பிறகுதான் அவள் ஒலிப்பதிவை முழுதாகக் கேட்டாள். கத்தி முடித்த குரங்கு, "கையக் கழுவாம சுண்டல தொடாத" என்றது.

3

துளசியக்காவை முதலில் இரக்கமுள்ளவளாக எழுதினேன். கதை நகரவில்லை. மாற்றிவிட்டேன்.

"பாஸ் வந்துக்கிட்டு இருக்காருக்கா. மரத்துக்குப் பின்னால நின்னு ஒரே ஒரு குலவை போடுங்க. இல்லன்னா நான் மறுபடி கையுறை ஃபேக்டரிக்குத்தான் போவணும்."

"சாமிக்குப் போடுவேன், கல்யாணத்துக்குப் போடுவேன். கொரங்குக்குப் போட மாட்டேன்லா."

"உங்கள நான் கொரங்குன்னு சொல்லலக்கா."

"ஒன் கம்ப்யூட்டரு சொல்லிருச்சே. பொம்பளன்னு வேற சரியா கண்டுபுடிச்சிருக்கு. கெட்டிக்காரந்தான்."

(இங்கே தினேஸ்வரி அழுவதாக எழுதி, அடித்துவிட்டேன். அவள் நகத்தைக் கடித்தாள்.)

"அப்ப உண்மைய சொல்லு."

"சொன்னா வேலை போயிரும்."

"சொல்லாட்டி?"

"அப்பவும் கொரங்கு இல்லையேக்கா."

"வேலை ஒன்னுது. நீயே போடு. நாக்க அங்கயும் இங்கயும் ஆட்டு."

தினேஸ்வரி ஆட்டினாள். கையிலிருந்த போனிலும் அதே செயற்கை நுண்ணறிவுதான்; கேட்டுவிட்டு யோசித்தது. திரையில் வந்தது: தவளை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"அலாமா," என்றாள் துளசியக்கா. "தவளையே சந்தேகமா இருக்கா?"

மண்பாதையில் கார் சத்தம்.

4

முடிவுகள்:

அ. நிஜ உங்கா ஒன்று காட்டிலிருந்து பதில் குரல் கொடுக்கிறது. அழகுதான். ஆனால் என் கதையைக் காப்பாற்றும் கடமை எந்தக் குரங்குக்கும் இல்லை.

ஆ. தினேஸ்வரி உண்மையைச் சொல்கிறாள். ரோய்ஸ்டன் சிரித்து மன்னிக்கிறார். எனக்குத் தெரிந்த மேலாளர்களில் அப்படி யாரும்

இ. தவளைக்கும் ஒப்பந்தம் உண்டு என்கிறார் ரோய்ஸ்டன்.

மூன்றிலும் எனக்கு நம்பிக்கையில்லை. கார் நின்றதுவரை தெரியும். துளசியக்கா சாமான் அறையைத் திறந்தாள்.

"உள்ள போ. சத்தம் எங்கேருந்து வருதுன்னு அவருக்குத் தெரியாது. கொரங்கு வெக்கப்படுது, கிட்ட வராதீங்கன்னு நான் சொல்லிக்கிறேன்."

"எனக்கு வராதுக்கா!"

"வேலை போவப்போவுதுன்னா வரும்லா."

உள்ளேயிருந்து குலவை வருமா, தவளை வருமா, "சார், அது நான்தான்" என்று வருமா? பெட்டி மரத்தில்தான் இருக்கிறது, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். துளசியக்கா அவளை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, வெளியே பூட்டினாள்.