கண்ணாடியிலிருந்து இறங்கியவர்

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மனநல ஆலோசகரம்மாவின் கணவர் கண்ணாடி முன்னாலிருந்து எழுந்துபோன பிறகும், கண்ணாடிக்குள் இருந்தவர் எழுந்திருக்கவில்லை. சற்று நேரம் புன்னகைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு மேசைமேல் கால் வைத்து இறங்கி, மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு நாள் எப்படிம்மா போச்சு?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு கேள்விக்காக ஏங்கிக் கிடந்தவர் ஆலோசகரம்மா. அதனால் பயப்படுவதற்கு முன்னாலேயே பதில் சொல்லிவிட்டார்.

இது வானத்திலிருந்து குதித்த விஷயமல்ல. லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கணவருக்கு யார் முகத்தையும் நேராகப் பார்க்க வராது. பார்த்தால் கண் கூசுகிறது என்பார். கொழுந்தியாளின் புது வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே சுவர் கோணல் என்று சொல்லிவிட்டு வந்தவர். வாஷிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அது சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்குப் போதும். இப்படிப்பட்டவர்களை மாற்றப் பார்க்காதீர்கள், புரிந்துகொள்ளுங்கள் என்று தன்னைத் தேடி வரும் மனைவிமாரிடம் வாய் வலிக்கச் சொல்கிற ஆலோசகரம்மா, வீட்டுக்கு வந்ததும் கணவரைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்தார். புருவத்துக்கு நடுவில் பாருங்க, கண்ணைப் பார்க்கிற மாதிரியே இருக்கும், இப்போ சிரிங்க, இப்போ நலம் விசாரிங்க. அவரும் மனைவிக்காக வருடக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தார்.

இறங்கி வந்தவரை எல்லோருக்கும் பிடித்துப்போனது. "இப்பத்தான் என் புள்ள மனுஷனா இருக்கான்" என்று மாமியார் மருமகளை மெச்சினார். கம்பெனி பதவி உயர்வு கொடுத்தது. லிஃப்டுகள் மட்டும் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நிற்கத் தொடங்கின; உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் அவ்வளவு இதமாகப் பேசியதால் யாரும் புகார் கொடுக்கவில்லை. பழையவர் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். சில மாதங்களில் அவருடைய சட்டை வழியே தண்ணீர்க் குழாய் தெரிந்தது. பிறகு குழாயில் பிடித்திருந்த துருவும் தெரிந்தது. அன்றைக்குத்தான் ஆலோசகரம்மாவுக்கு உறைத்தது. இந்த மனிதரைத்தானே விரும்பிக் கட்டிக்கொண்டோம், இன்னும் கொஞ்ச நாளில் குழாய் மட்டும்தான் மிச்சமிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போனார்.

கணவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, போயிடாதீங்க என்று கதறத்தான் வாயைத் திறந்தார். "உங்க மனசு எவ்வளவு கஷ்டப்படுதுன்னு எனக்குப் புரியுது" என்று வந்தது, ஆலோசனை அறையின் அதே தணிந்த குரலில். மறுபடி முயன்றார். "இதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று வந்தது.

கணவர் முகத்தைத் திருப்பாமலே, "அந்தக் குரல் வேணாம். அது வந்தா நீ வர்றதில்ல" என்றார்.

ஆலோசகரம்மா கூடத்தை எட்டிப் பார்த்தார். ஏனென்றால், வாயை மூடிய பிறகும் அந்தக் குரல் நிற்கவில்லை. கூடத்தில் ஆலோசகரம்மாவுடைய மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவருடைய முகத்தோடு ஒரு பெண்மணி, புன்னகைக்காரரிடம் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் ஆலோசகரம்மாவுக்கு அழுகை வந்தது. மூக்கு ஒழுக, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வந்தது. கணவர் திரும்பிப் பார்க்கவில்லை. தன்னை எப்படிப் பிடித்தால் தனக்கு ஆறுதலாக இருக்குமோ அப்படி, மனைவியின் தோளை வலிக்கிற அளவுக்கு அழுத்திப் பிடித்துக்கொண்டார். சட்டைக்குப் பின்னால் குழாய் மெல்ல மறைந்தது.

இப்போது வேலைக்கும் கல்யாணங்களுக்கும் கூடத்து ஜோடிதான் போய்வருகிறது. இருந்தால் இப்படி இருக்க வேண்டும் என்று உறவினர்கள் அவர்களைக் காட்டிப் பேசுகிறார்கள். வெளியே போகும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும் பழக்கம் அவர்களுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. முதன்முதலாகப் பூட்டு கிறீச்சென்று விழுந்தபோது, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்த ஆலோசகரம்மா பதறிப்போய்க் கணவரின் கையைப் பிடித்தார். அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "எண்ணெய் போடணும்" என்றார்.

அடுத்த வாரமே வெளியே போகிறவர்கள் எண்ணெய் போட்டுவிட்டார்கள். இப்போதெல்லாம் பூட்டுகிற சத்தம் கேட்பதில்லை.