குழந்தை சிரிக்கும் இடம்

நாவலில் அந்த வரி இப்படி இருந்தது: ‘அவர் போனில் பேசி முடிக்கும்வரை பின்னால் பனித்துளிக்காரி குளித்துக்கொண்டிருந்தாள். குழந்தை சிரித்தது.’

இன்று படிப்பவருக்கு இது ஏதோ குளியலறைக் காட்சி. அப்படியில்லை, அது பின்னால் ஓடும் ரேடியோ விளம்பரம் என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். பழைய விளம்பரம், சினிமா, ஆட்டக்காரர், கலவரம் என்று நாவலுக்குள் போகிறபோக்கில் வருகிற எல்லாவற்றுக்கும் பின்குறிப்பு எழுதி, மாணவர் பதிப்பு ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தோம். நாவலாசிரியர் உயிரோடு இல்லை. அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

நான் படித்தது வேதியியல். அதனால் எங்கள் பதிப்பாசிரியர் என்னை ‘கெமிஸ்ட்ரி’ என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. எதை நீட்டினாலும் பாதியாக்கித் தருவார்.

“ஒத்தைக் கையுறை கோல்கீப்பருக்கு ஒரு பக்கமா? அவரு பொண்டாட்டியே அவரைப் பத்தி இவ்வளவு பேசியிருக்க மாட்டா. நாலு வரி போதும் கெமிஸ்ட்ரி.”

“சரிங்க மேடம்.”

பனித்துளியைப் பற்றி எங்கே தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. வானொலி விளம்பரத்தையெல்லாம் யார் சேர்த்துவைக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருந்த அத்தையிடம் கேட்டேன். அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள்.

“பனித்துளி சோப்புதானே? தண்ணி ஊத்துற சத்தம் வரும். ஒருத்தி பாடுவா. நடுவுல ஒரு குழந்தை சிரிக்கும்.” துண்டை உதறினாள். “சிரிப்பு வந்தது ஒரு வாரம்தான். ஆலையில சுட்டாங்களே, அந்த வாரம். அப்புறம் எடுத்துட்டாங்க. அத்தனை பேர் செத்த நேரத்துல சிரிப்பு நல்லாவா இருக்கும்?”

“எப்ப போடுவாங்க அத்தை?”

“சாயங்காலச் செய்திக்கு முன்னாடி. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை.”

“எப்படி இவ்வளவு ஞாபகம்?”

“காதை வச்சுப் பொழைச்சவ நான். போய் உன் துணியை நீயே மடி.”

சொன்னபடியே எழுதினேன். எங்கள் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அச்சில் சான்று இல்லாத தகவலுக்கு, சொன்னவரின் தொழிலை அடைப்புக்குறிக்குள் தர வேண்டும். பெயர் தேவையில்லை. ‘தகவல்: முன்னாள் தொலைபேசி நிலைய ஊழியர்’ என்று போட்டேன். ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவை எப்படி எடுத்தோம் என்று எழுதிவைக்கிற நிம்மதி அதில் இருந்தது.

அச்சுக்கு முந்தைய மெய்ப்பின் ஒரு பிரதி நூலகக் குழு ஆலோசகருக்குப் போனது. அவர் சரி என்றால்தான் புத்தகம் நூலகங்களுக்குள் நுழையும். அவர் நேரிலேயே வந்துவிட்டார். பெரிய பதவிகளில் இருந்தவர். குடிக்க வெந்நீரைத் தானே ஃபிளாஸ்க்கில் கொண்டுவருவார். பஞ்சு மாதிரிக் குரல்.

“நல்லா உழைச்சிருக்கீங்கம்மா. கோல்கீப்பரைப் படிச்சு சிரிச்சேன்.” பக்கத்தைப் புரட்டினார். “இந்த சோப்பு விஷயம் சொன்னது யாரு?”

“அங்க வேலை பார்த்த ஒருத்தர் சார்.”

“தெரிஞ்சவங்களா?”

“இல்ல சார்.”

வேகமாகச் சொல்லிவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் மூடியில் வெந்நீரை ஊற்றி, அது ஆறும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போனபின் அந்தப் பக்கத்தை எடுத்தேன். என் குறிப்புகள் இரண்டு ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. முதலாவது சோப்பு விளம்பரம்: அந்த வாரம் மட்டும், சாயங்காலச் செய்திக்கு முன். அடுத்தது ஆலைத் துப்பாக்கிச்சூடு: பேச்சுவார்த்தை முறிந்ததைச் சாயங்காலச் செய்தியில் கேட்ட பிறகே தொழிலாளர்கள் வாசலில் கூடினார்கள், கல்லெறி தாங்காமல் காவலர்கள் தாங்களாகவே சுட்டார்கள். யாரும் உத்தரவு தரவில்லை என்பதுதான் இன்றுவரை வரலாறு.

நாவலில் அந்தப் போனில் அதிகாரி சொல்வது ஒரே வாக்கியம். ‘கூடினால் சுட்டுவிடு.’ பின்னால் குழந்தை சிரிக்கிறது. அதாவது, ஒருவர்கூட வாசலுக்கு வருவதற்கு முன்பே.

கோடு போட இரண்டு புள்ளிகள் போதும். இத்தனை காலம் கற்பனை என்று எல்லோரும் விட்டுவைத்த நாவல் அது. நான் அடைப்புக்குறிக்குள் ஒரு சாட்சியை உட்காரவைத்திருந்தேன்.

அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அந்தச் சிரிப்பை ரேடியோவுலயா கேட்டீங்க?”

“நிலையத்துல ஏது ரேடியோ?” கத்தி நின்றது. “லைன்ல கேட்டேன். பேசினவன் ரூம்ல ஓடிட்டிருந்துச்சு.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“விடுதியில என்கூட ஒரே ரூம்ல இருந்தவகிட்ட மட்டும். அவ எழுத்தாளர் ஆகி, இதையே நாவல்ல எழுதுவான்னு யாரு கண்டா?”

“பேசினது யாரு அத்தை?”

“பேரைச் சொல்லியா பேசுவாங்க? குரல்தான் தெரியும். பஞ்சு மாதிரி இருக்கும். அப்படி ஒரு குரல்ல அப்படி ஒரு பேச்சு.” மறுபடி நறுக்கத் தொடங்கினாள்.

நான் ஆலோசகரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் குறிப்பை மாற்றினேன். சிரிப்புச் சத்தம் பிந்தைய ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது, நாவலில் இருப்பது நாவலாசிரியரின் நினைவுப் பிழை என்று எழுதினேன். தகவல் தந்தவர் பற்றிய வரியை நீக்கினேன். ஓர் அளவைத் தெரிந்தே தப்பாக எழுதியது அதுதான் முதல் முறை.

“நீயா தப்பு பண்ணின? இன்னைக்கு மழை கொட்டப்போகுது,” என்றார் கத்தரி.

இறுதி மெய்ப்பைப் பார்க்க ஆலோசகர் மறுபடி வந்தார். எல்லாப் பக்கத்தையும் தாண்டி நேராக அங்கேதான் போனார்.

“இதை மாத்திட்டீங்களே.”

“தப்பா இருந்துச்சு சார்.”

கண்ணை மூடிக்கொண்டு மெல்ல முணுமுணுத்தார். என்னால் எங்குமே கண்டுபிடிக்க முடியாத அந்த விளம்பர மெட்டு. ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இங்கதான் குழந்தை சிரிக்கும். அந்த வாரம்தான். நீங்க முதல்ல எழுதினதுதாம்மா சரி.” ஃபிளாஸ்க்கைத் திருகி மூடினார். “சரியானதைத் தெரிஞ்சே தப்பா மாத்துறோம்னா, அது வீட்டு மனுஷங்களுக்காகத்தான் இருக்கும். இல்லையா?”

மெய்ப்பை என் பக்கம் தள்ளினார்.

“இப்படியே இருக்கட்டும். நல்லா இருக்கு.”

சாயங்காலம் நான் பையை எடுக்கும்போது கத்தரி சொன்னார்: “உன் வீட்டு நம்பரை வாங்கிட்டுப் போனாரு. வீட்டுல கூப்பிட்டுப் பாராட்டணுமாம். கொடுத்து வச்சவ நீ. நாளைக்குக் காலையில அச்சுக்குப் போகுது, ஏதாவது திருத்தம் இருந்தா ராத்திரிக்குள்ள அனுப்பு.”

வீட்டு நம்பருக்கு அடித்தேன். எங்கேஜ்டாக இருந்தது. படியிறங்கும்போது மறுபடி அடித்தேன். அப்போதும் எங்கேஜ்ட். பேருந்து வரட்டும் என்று நிற்க முடியவில்லை. நடந்தேன், பிறகு ஓடினேன்.

அத்தை ஹாலில் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றிருந்தாள். அவளுக்கு அது பழக்கம். எடுத்தால் பேச மாட்டாள். மறுமுனை முதலில் பேசட்டும் என்று இருப்பாள்.

“யாரு அத்தை?”

“பேசல. அதையே திரும்பத் திரும்பப் பாடுறான்.” கேட்டுக்கொண்டே இருந்தாள். “நிறுத்திட்டான். சிரிப்பு வர்ற இடம்.”

ரிசீவரை வைத்தாள். ஆனால் அதன்மேல் இருந்து கையை எடுக்கவில்லை.

“குரல் மாறவே இல்ல,” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். குறிப்பை மாற்றியதையும் சொன்னேன்.

“எனக்காகவா?”

தலையாட்டினேன்.

“மண்டு. அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. இனி தெரியாதது மத்தவங்களுக்கு மட்டும்தான். அதுக்கா இந்தப் பொய்?” நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “பழசையே போடு.”

“அத்தை, அவர் சாதாரண ஆள் இல்ல.”

“தெரியும்டி. லைனைக் கொடுத்ததே நான்தானே. யாரோ ஒரு ஊழியருக்கு என்ன ஆனாலும் எவனும் கேக்க மாட்டான். பேர் இருந்தா நாலு பேராவது கேப்பாங்க. அடைப்புக்குறிக்குள்ள என் பேரைப் போடு.”

கணினியைத் திறந்தேன். பழைய குறிப்பை எடுத்து ஒட்டினேன். அத்தை தன் பெயரை, இணைப்பு எண் சொல்கிற அதே குரலில், எழுத்தெழுத்தாகச் சொன்னாள். தொலைபேசி மறுபடி அடிக்கத் தொடங்கியது. இருவருமே எடுக்கவில்லை. நான் கத்தரிக்கு அனுப்பி முடிக்கும்வரை அது அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு சட்டென்று நின்றது.

“குறிப்பு போயிடுச்சா?” என்றாள் அத்தை.

“போயிடுச்சு.”

அவள் எழுந்து போய் வாசல் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள்.