செல்போன் பிடித்த கை

ஜெயசீலன் விற்கிற எந்தச் சமையலறைச் சாமானும் முதலில் அவன் மனைவி ஹெலனிடம் பாஸாக வேண்டும். பூண்டு உரிக்கிற ரப்பர் குழாய், பாட்டில் மூடி திருகுகிற வளையம், முட்டை உடைக்கிற கிடுக்கி என்று ஒரே ஒரு வேலைக்கு மட்டும் ஆகிற சாமான்கள். ஆம்பூரில் அவர்கள் தெருப் பெண்கள் அதையெல்லாம் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாமா ஒரு மெஷினு?" என்று சிரிப்பார்கள். இரண்டு கையும் நன்றாக இருந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஹெலனுக்கு வந்ததில்லை.

ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரஸ் அவள் வலது கைமேல் இறங்கியபோது கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும்தான் விட்டுவைத்தது. அன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் பக்கத்து லைனில் வேலை பார்த்த ஜெயசீலன். அப்புறம் சொந்தபந்தம் அத்தனை பேரும் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டும் அவளைத்தான் கட்டிக்கொண்டான்.

கல்யாணமான புதிதில் ஒரு வெங்காயம் நறுக்க முடியாமல் அவள் அழுததைப் பார்த்துவிட்டு, கயிறு இழுத்தால் நறுக்குகிற சாப்பர் ஒன்றை வாங்கிவந்தான். அது சமையல் மேடைமேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. அதோடு மல்லுக்கட்டி ஹெலனே ஒரு வழி கண்டுபிடித்தாள். டப்பாவுக்கு அடியில் ஈரத்துணி, மூடிமேல் வலது முழங்கையால் ஓர் அழுத்து, இடது கையால் கயிறு. வெங்காயம் பொடிப்பொடியாக விழுந்தது.

"இது உன்ன மாதிரி இருக்கறவங்களுக்குன்னே செஞ்சது ஹெலன். ஊர் ஊரா கொண்டுபோய்க் காட்டப்போறேன் பாரு" என்றான் ஜெயசீலன்.

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவன் கம்பெனி வேலையை விட்டபோது அவள் மறுத்துப் பேசவில்லை. எந்த ஊரிலோ, கை விளங்காத ஒருத்தி தன் முறையில் நறுக்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு நிறையும். விற்கிற இடத்துக்கு மட்டும் அவளை அழைத்துப் போகமாட்டான். "ஒரே கூட்டம். கைல யார்னா இடிச்சிடுவாங்க" என்பான். அக்கறை என்று நம்பினாள் அந்த வெகுளி.

மேல்விஷாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி போட்டிருந்தார்கள். ஜெயசீலன் காலர் மைக்கின் சார்ஜரை மறந்துவிட்டுப் போயிருந்தான். போன் செய்தால் எடுக்கவில்லை. ஹெலன் கையை முந்தானைக்குள் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மண்டபத்துக்குள் நுழையும்போதே அவன் குரலும் கூட்டத்தின் சிரிப்பும் கேட்டன. அவளுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. எட்டிப் பார்த்தாள்.

"எம் பொண்டாட்டி இருக்கே, கண்ணு முழிக்கவே பத்து மணி ஆவும். முழிச்சதும் இன்னா பண்ணும்? இந்தக் கைல செல்போன எடுக்கும். அத்தோட இந்தக் கைக்கு வேற வேலையே கெடையாது. ஆனா எனக்குச் சோறு வேணுமே? அதுக்குத்தாம்மா இந்த மெஷினு!"

வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, அதே கையின் முழங்கையைச் சாப்பர் மூடிமேல் ஊன்றி, இடது கையால் கயிற்றை இழுத்தான். டப்பாவுக்கு அடியில் ஈரத்துணி. தோளைச் சற்றே சாய்த்திருந்ததுகூட அவள் சாய்க்கிற மாதிரியேதான். விரல் இல்லாத இடத்தில் செல்போனை வைத்திருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

முன்வரிசையில் புர்கா போட்ட ஒரு பெரியம்மா இடது கையால் சாப்பர் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை துணிக்குள்ளேயே இருந்தது. பையை முழங்கையில் மாட்டியிருந்த விதத்திலேயே ஹெலனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாங்கிக்கோங்கம்மா, உங்களுக்குத்தான் அது என்று மனசுக்குள் சொன்னாள்.

"இன்னாம்மா, உங்களுக்கும் செல்போன் கையா?" என்றான் ஜெயசீலன் மைக்கில்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியம்மா பெட்டியை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

"அண்ணா, அந்த அக்காவ ஒரு நாள் கூட்டினு வாங்க. அப்படி ஒரு சோம்பேறிய நாங்களும் பாக்கணும்" என்றாள் ஒரு பெண்.

ஜெயசீலன் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தான். நேர் எதிரே, கையில் சார்ஜரோடு ஹெலன். அவன் முகம் ஒரு நொடி வெளுத்தது. வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம் அந்த மனிதன். "அதுவா? இந்நேரம் வீட்ல தூங்கினு கெடக்கும்!" என்றான்.

ஹெலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சார்ஜரை மேசைமேல் வைத்தாள். அவன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டான்.

"யாவாரத்துக்குச் சொல்றதுடி. கை சரியில்லாதவங்களுக்குன்னு சொன்னா எவ வாங்குவா?"

அவள், பெரியம்மா வைத்துவிட்டுப் போன பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

பெரியம்மா பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். ஹெலன் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துச் சிமெண்ட் பெஞ்சில் விரித்தாள். அதன்மேல் சாப்பரை வைத்தாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து வலது கையை, பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரும் பார்க்கும்படி வெளியே எடுத்தாள்.

"இப்படி ஊணிக்கினு இழுங்கம்மா. நகராது."

பெரியம்மா அந்தக் கையையே பார்த்தார். மெதுவாகத் தன் கையையும் வெளியே எடுத்தார். விரல்கள் உள்ளே மடங்கி விறைத்திருந்தன.

"பக்கவாதம்மா. எம் மருமவகூட ஒரு நாளும் என்னச் சோம்பேறின்னதில்ல. அந்த ஆளு அத்தன பேர் முன்னால சிரிக்க வெச்சிட்டான்." ஒருமுறை கயிற்றை இழுத்துப் பார்த்தார். டப்பா நகரவில்லை. முகம் தெளிந்தது. "உன்ன அனுப்புனது அந்த ஆளா? ஒனக்கு இன்னா வேணும் அவரு?"

ஆம்பூர் பஸ் வந்து நின்றது. ஹெலன் எழுந்துகொண்டாள்.

"எனக்கு அடிபட்டப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனவரு" என்றாள். "அவ்ளோதாம்மா."