கடலில் மூழ்காத அம்மா

தன் அம்மா செத்துப்போன செய்தியை ஓபல் ஸ்டக்கி ஒரு சினிமாப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அவள் ஹாலிவுட்டுக்கு வந்து இரண்டாவது வருடம் அது. மேக்கப் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். பொய் இமை ஒட்டிக்கொண்டிருந்த பெண், "ஐயோ பாவம் நீங்க, சொல்லவே இல்லையே" என்று மூக்கை உறிஞ்சியபடி பத்திரிகையை நீட்டினாள். 'புயலில் கப்பலோடு மூழ்கிய பிரெஞ்சுச் சீமாட்டியின் ஒரே மகள், நம் விவியன் டெலோர்ம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விவியன் டெலோர்ம் என்பது ஓபலுக்கு ஸ்டுடியோ வைத்த பெயர். அவளைப் பெற்ற மர்ட்டில் ஸ்டக்கி கான்சாஸில் கோழி வளர்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் கோழி அடைகாக்க உட்கார்ந்துவிட்டது, உனக்குச் சளி விட்டதா என்று கேட்டு அவள் எழுதிய கடிதம் முந்தின நாள்தான் வந்திருந்தது.

ஒரு கண்ணில் மட்டும் இமையோடு ஓபல் விளம்பரப் பிரிவுக்கு ஓடினாள். அதன் தலைவர் லைல் ஹேகர்டி தட்டச்சு இயந்திரத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"எங்கம்மாவை ஏன் சார் சாகடிச்சீங்க?"

"உக்காரும்மா. போன மாசம் உனக்கு எத்தனை ரசிகர் கடிதம் வந்துச்சு?"

"பதினொண்ணு."

"பத்திரிகை வந்து ரெண்டு நாள்தான் ஆச்சு. நாலு மூட்டை வந்திருக்கு, போய்ப் பாரு. கோழி வளர்க்கிற அம்மா இருக்கிற பொண்ணுக்காக எவன் அழுவான் சொல்லு?"

"அவங்க உயிரோட இருக்காங்க சார்!"

"கான்சாஸ்லதானே? பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல."

அதற்கு முன்பே அவள் பெயரை மாற்றியிருந்தார்கள். வரிசை தப்பிய பல்லைப் பிடுங்கி வேறு பல் வைத்தார்கள். மூக்கைச் சீவினார்கள். செம்பட்டை முடியைக் கறுப்பாக்கினார்கள். பிறந்த வருடத்தில் நான்கைக் குறைத்தார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவளுக்கு அம்மா விஷயத்தில் மட்டும் எங்கே நின்று முறைப்பது என்று தெரியவில்லை. அழுதாள். அதையும் ஒரு புகைப்படக்காரர் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவள் அனாதையாகவே நடித்தாள். மடத்து வாசலில் விடப்பட்ட அனாதை, பார்வையிழந்த அனாதை, கோடீசுவரன் வீட்டில் வேலைக்கு வந்த அனாதை. ஒவ்வொரு படத்திலும் கடைசியில் வானத்தைப் பார்த்து "அம்மா!" என்று கதற வேண்டும். 'இந்தப் பெண்ணின் கண்ணீருக்குக் கிளிசரின் தேவையில்லை' என்று விமர்சகர்கள் வியந்தார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். அந்த வசனம் வரும்போதெல்லாம் ஓபலுக்கு வெட்கத்தில் நெஞ்சு அடைத்தது. அந்த அடைப்புதான் திரையில் துக்கமாகத் தெரிந்தது.

ஒவ்வொரு அக்டோபரிலும் சீமாட்டிக்கு நினைவு நாள் வேறு. ஓபல் கறுப்பு உடையில் சாண்டா மோனிகா கடற்கரையில் நின்று அலையில் மலர்வளையம் விட வேண்டும்.

"அவங்க மூழ்கினது அட்லாண்டிக்லன்னுதானே சார் எழுதினீங்க?" என்று முதல் வருடம் கேட்டாள்.

"எல்லாக் கடலும் உள்ளுக்குள்ள ஒண்ணுதாம்மா. இங்கதான் வெளிச்சம் நல்லா விழுது" என்றார் ஹேகர்டி.

மூன்றாவது நினைவு நாளுக்கு ஐந்து மாதம் முன்னால், செத்துப்போனவள் ரயிலில் வந்து இறங்கினாள். புழுதிப் புயல் கான்சாஸில் பாதி நிலத்தைத் தின்றிருந்தது. மர்ட்டிலின் நிலமும் அதில் போயிற்று, கோழிகளும் போயின. ஒரு பெட்டியும், ஊறுகாய் போட்ட பீட்ரூட் இரண்டு ஜாடியுமாக மகள் வீட்டு அழைப்பு மணியை அடித்தாள். கதவைத் திறந்த ஓபலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூக்கு எங்கடி?"

ஓபல் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். "மன்னிச்சிரும்மா. நான் சொல்லல, அவங்களா எழுதிட்டாங்க."

"தெரியும் விடு. பாதிரியார் என்னைப் பாத்து எச்சி முழுங்குறாரு. துக்கம் கேக்கணும்னு வந்தவளுக, எங்கிட்டயே கேக்கறதான்னு தெரியாம, கொண்டாந்த கேக் தட்ட மட்டும் வச்சிட்டுப் போறாளுக." மர்ட்டில் தொப்பியைக் கழற்றினாள். "சாகடிச்சது சாகடிச்சீங்க, ஒரு காய்ச்சல்ல, படுக்கையில சாகடிச்சிருக்கக் கூடாதா? எனக்குத் தண்ணின்னாலே பயம்னு உனக்குத் தெரியாதாடி?"

ஓபல் குனிந்து அம்மாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

செய்தி எட்டியதும் ஹேகர்டி வேர்த்து விறுவிறுத்து வந்தார். மர்ட்டிலைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார். "சமையல்காரின்னு சொல்லிடலாம்" என்றார்.

ஓபலுக்குக் கோபம் தலைக்கேறியது. மர்ட்டில் அவள் கையை அழுத்தினாள். "சரி தம்பி. முப்பது வருஷமா அந்த வேலையத்தானே பாக்குறேன். இங்க அடுப்பாவது நல்லா எரியுது."

அடுத்த வாரமே கார்டீலியா ப்ரூயிட் வந்தாள். நாடு முழுக்க நானூறு பத்திரிகைகளில் சினிமாக் கிசுகிசு எழுதுகிறவள். அவள் தும்மினால் ஸ்டுடியோ முதலாளிகளுக்குச் சளி பிடிக்கும். யாருக்கும் சொல்லாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்கார்ந்தாள். மர்ட்டில் கோழிச்சாறில் வெந்த மாவுருண்டைகளைத் தட்டில் போட்டாள். கார்டீலியா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

"உங்க முதலாளியம்மா எப்படிப்பட்டவங்க? மறைக்காம சொல்லுங்க" என்று கேட்டாள்.

"முதலாளியாவது! குளிர்ல கம்பளி போடச் சொன்னா போடமாட்டா. கேரட்ட ஒதுக்கி வைப்பா. நான் அதட்டலைன்னா வேற யாரு அதட்டுவா அவள?"

கார்டீலியாவின் கண் கலங்கிவிட்டது. மறுநாள் நானூறு பத்திரிகைகளிலும் வந்தது: 'தாயற்ற தாரகைக்குத் தாயான சமையற்காரி.' மாலைக்குள் ஸ்டுடியோ முதலாளி பாலிஸ்டரின் மேசையில் தந்திகள் குவிந்தன. "அந்தச் சமையல்காரியைக் கூட்டிட்டு வாங்க" என்றார் அவர்.

மர்ட்டிலுக்கு நடிக்கத் தெரியாது. அதனால் பேசுகிற மாதிரியே பேசினாள். கேமராவைப் பார்க்காதீர்கள் என்றார்கள். அடுப்பில் பால் இருக்கும்போது அதை எவள் பார்ப்பாள் என்றாள். முதல் படத்தில் இரண்டே காட்சிகள். தியேட்டரில் சனம் கைதட்டியது அந்த இரண்டுக்கும்தான். ஓபல் ஒன்பது முறை அழுத படம் அது.

பாலிஸ்டர் அடுத்த படத்தை அறிவித்தார். ஒரு கான்சாஸ் விவசாயியின் மனைவியையும் அவள் மகளையும் பற்றிய கதை. தாயாக மர்ட்டில் என்பது முடிவாகிவிட்டது. மகள் வேடத்தைக் கேட்டு ஓபல் தானே போய் நின்றாள். அதுவரை எந்த வேடத்தையும் அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. தாயும் மகளும் சேர்ந்து நடிக்கும் ஒரு காட்சியைச் சோதனைக்காக எடுத்தார்கள். போட்டுப் பார்த்துவிட்டுப் பாலிஸ்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"முகஜாடை துளிகூட இல்ல. இவங்க வயித்துல இந்தப் பொண்ணு பொறந்துச்சுன்னா எவனும் நம்பமாட்டான்."

"சார்..." என்று ஆரம்பித்தாள் ஓபல்.

"பேச்சும் சரியில்ல. கான்சாஸ்காரி மாதிரியே இல்லம்மா நீ."

அந்தப் பேச்சை அவள் நாக்கிலிருந்து துடைத்தெடுக்க ஸ்டுடியோவே ஒரு வாத்தியாரம்மாவை ஒன்றரை வருடம் வைத்திருந்தது. வேடம் நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு வங்கி அதிகாரியின் மகளுக்குப் போயிற்று. அவளுக்குச் செம்பட்டை முடியும் ஒரு கோணல் பல்லும் இருந்தன. ஷூட்டிங்கில் அவளை மடியில் சாய்த்து மர்ட்டில் தலை கோதிவிட்டதை ஓபல் விளக்குக் கம்பத்தின் பின்னால் நின்று பார்த்தாள். வீட்டுக்கு வந்து கேரட்டைக்கூட ஒதுக்காமல் சாப்பிட்டாள். மர்ட்டிலுக்கு அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"வேண்டாம்னு சொல்லிடவாடி?"

"நீ நடிம்மா. நான்தான் ஏதாவது செய்யணும்."

அக்டோபர் வந்தது. கடற்கரையில் முப்பது நிருபர்கள், ஒரு பேண்டு வாத்தியக் குழு, கறுப்புத் தொப்பியில் கார்டீலியா. மகளின் மேல்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மர்ட்டில் அலைக்குப் பத்தடி தள்ளி நின்றாள். தண்ணீர் பயம். ஓபல் மலர்வளையத்தை வாங்கினாள், கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"எங்கம்மா சாகல. கப்பல்ல ஏறினதே இல்ல. இதோ நிக்கிறாங்களே, இவங்கதான் எங்கம்மா. எம்பேரு ஓபல் ஸ்டக்கி."

மணலில் நடந்துபோய் மலர்வளையத்தை மர்ட்டிலின் கையில் கொடுத்தாள். ஹேகர்டியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பேண்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தினார்கள். ஓபலுக்கு மட்டும் மூன்று வருடத்தில் முதல்முறையாக மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

அப்போது கார்டீலியா ஓவென்று அழ ஆரம்பித்தாள். "கேட்டீங்களா? சமையல்காரம்மாவை அம்மான்னு சொல்றா! அவங்க குடும்பப் பேரையே தன் பேர்ல சேத்துக்கிட்டாப் பாருங்க! என்ன மனசு இந்தப் பொண்ணுக்கு!"

முப்பது நிருபர்களும் தொப்பியைக் கழற்றினார்கள்.

"நிஜமாத்தான் சொல்றேன்!" என்று கத்தினாள் ஓபல்.

"எங்களுக்குத் தெரியும் கண்ணு" என்று அவள் கன்னத்தைத் தடவினாள் கார்டீலியா.

ஹேகர்டியின் முகத்தில் ரத்தம் திரும்ப ஏறியது. இரண்டே வாரத்தில் நீதிமன்றத்தில் ஏற்பாடு செய்துவிட்டார். மர்ட்டில் ஸ்டக்கி, விவியன் டெலோர்மைச் சட்டப்படி தத்தெடுக்கிறாள். நீதிபதி தலைவாரி, புது அங்கி போட்டு வந்திருந்தார்.

"இந்தப் பெண்ணை உங்க சொந்த மகள் மாதிரி பாத்துப்பீங்களா?"

"மாதிரியா?" என்றாள் மர்ட்டில். "இத்தனை நாள் வேற யாரு பாத்தா?"

நீதிமன்றமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஓபலுக்குச் சிரிப்பு பொங்கியது. உதட்டைக் கடித்து அடக்கினாள், அதுவும் விசும்பலாகவே படத்தில் பதிந்தது. வெளியே படியிறங்கும்போது மர்ட்டில் அவள் இடுப்பில் கிள்ளினாள். "பிரசவ வலி ரெண்டு நாள். இது பத்து நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. இதுவே தேவலை."

அம்மா கிடைத்துவிட்ட அனாதையை அதன்பிறகு யாரும் படத்தில் போடவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் ஸ்டுடியோ அவளை விட்டுவிட்டது. ஓபல் ஸ்டக்கி என்ற பெயரில் வேறு ஸ்டுடியோக்களின் படியேறினாள். பெயர் ஜோடித்ததுபோல இருக்கிறது என்றார் ஒருவர். வளர்ப்புத் தாயின் புகழில் குளிர்காயப் பார்க்கிறாள் என்றார் இன்னொருவர். கடைசியில் ஒரு வானொலி நிலையம் தினசரித் தொடருக்குக் கிராமத்துப் பெண் குரல் தேடியது. முகம் தேவையில்லை. ஒலிவாங்கியின் முன்னால் வாயைத் திறந்தாள், வாத்தியாரம்மாவின் ஒன்றரை வருடமும் முதல் வரியிலேயே காற்றில் போயிற்று. பதினோரு வருடம் அந்தப் பெண்ணாகப் பேசினாள். அழுகிற காட்சி அதில் அபூர்வம். வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

மர்ட்டில் படங்களில் நடித்துக்கொண்டேதான் இருந்தாள். மத்தியானம் தொடர் வரும் நேரத்தில், மேக்கப் அறையில் இருக்கிற அத்தனை பேரையும் வாயை மூடச் சொல்லி வானொலியைத் திருப்புவாள்.

"எம்பொண்ணு" என்பாள். "பெத்த பொண்ணு."

நடிகைகள் ஒருவரை ஒருவர் பார்த்து உருகிப்போவார்கள். மர்ட்டில் அவர்களைக் கண்டுகொள்ளவே மாட்டாள். வானொலிப் பக்கம் காதைச் சாய்த்து, "சளி பிடிச்சிருக்கு. கம்பளி போட்டிருக்கமாட்டா" என்று முணுமுணுப்பாள்.