எங்கும் ஒரே மாதிரி விளையும் நெல்

புது நெல் ரகத்தை எட்டு இடங்களில் போட்டுப் பார்த்திருந்தார்கள். ஐந்தில் ஒரே மாதிரி விளைந்தது. அந்த ஐந்தும் ஆராய்ச்சி நிலையத்தின் சொந்தப் பண்ணைகள். ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே உரம், ஒரே மேற்பார்வையாளரின் ஒரே அதட்டல். மிச்ச மூன்றும் விவசாயிகளின் நிலம். அங்கே பயிர் தன் இஷ்டத்துக்குச் செத்திருந்தது.

"அந்த மூணையும் கணக்குலேர்ந்து எடுத்துடுங்க," என்றார் இயக்குநர். புது ரகம் அவருடையது. "பாத்திக்குப் பாத்தி இவ்வளவு ஏத்த இறக்கம் இருந்தா அது சோதனையே இல்ல. விதி அப்படி."

விதியை எழுதிய குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

"செத்த இடத்தையெல்லாம் எடுத்துட்டா, எங்கயும் சாகலைன்னுதானே சார் வரும்?" என்றாள் உப்பக்கா. உப்பு நிலத்துக்கென்றே ஒரு நெல்லை உருவாக்கப் பத்து வருஷமாக மல்லுக்கட்டியதில் நிலையத்தார் வைத்த பெயர் அது. நீக்கிய மூன்றில் ஒன்று, கடலோரத்தில் அவள் அண்ணனின் வயல். அதே எட்டு இடங்களிலும் அவள் நெல்லையும் பக்கத்துப் பாத்தியில் போட்டிருந்தார்கள்; இயக்குநரின் நெல் கருகிய அந்த மண்ணில் அவள் நெல் நின்று விளைந்திருந்தது. அதற்கு அந்த வயலை விட்டால் வேறு அத்தாட்சி கிடையாது.

"மத்த அஞ்சு இடத்துல உன் நெல்லு சுமார்தானேம்மா? எங்க போட்டாலும் ஒரே மாதிரி நிக்கணும். ஒழுக்கம் வேணும்."

நெல்லுக்கு ஒழுக்கம் வேண்டும் என்பதை எல்லோரும் தலையாட்டி ஒப்புக்கொண்டார்கள். மூன்று இடங்களையும் நீக்கியதும் திரையில் விளைச்சல் கோடு நேராகப் படுத்தது. கைதட்டினார்கள். தேநீர் வந்தது.

தன் நெல்லின் விதையையாவது காப்பாற்ற உப்பக்கா விதைக் கிடங்குக்கு ஓடினாள்.

"கழிச்ச ரகத்துக்குக் குளிர் அறையில இடமில்லக்கா," என்றார் கிடங்குக்காரர். "உங்க நெல்லைத் தீவனத்துக்குன்னு கோழிப்பண்ணை வண்டி ஏத்திட்டுப் போயிடுச்சு."

"கூட்டம் இப்பத்தானே முடிஞ்சுது?"

"ஆணை நேத்தே வந்துடுச்சே."

சோதனை நெல்லில் ஒரு மணியைக்கூட விவசாயியிடம் விடக்கூடாது என்று இன்னொரு விதி உண்டு. அண்ணன் களத்தில் சிந்தியதைக்கூட அவளே பொறுக்கிக்கொண்டு வந்து கிடங்கில் சேர்த்திருந்தாள்.

அண்ணன் போனில் கூப்பிட்டார். "என்னம்மா, நம்ம நெல்லு பாஸா?"

"இல்லண்ணே. நம்ம வயலையே கணக்குலேர்ந்து எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டே போகச் சொல்லு. நானும் விக்கத்தானே பாக்குறேன்." சிரித்துவிட்டுக் கேட்டார்: "சரி, விதை எப்ப வரும்? நாத்தங்கால் உழுதாச்சு."

"கடைக்குப் புது ரகம் வருதுண்ணே."

"அது இங்க செத்துச்சேம்மா."

"ஆமாண்ணே."

"வேற?"

"வேற இல்ல."



"அப்ப அதுலயே ஒரு மூட்டை சொல்லி வை," என்றார் அண்ணன். "உழுததைச் சும்மா போட முடியாதே."